கோவையிலிருந்து ஒரு நாள் மலைநடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையைச் சுற்றியுள்ள காட்டுப் பாதைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னக் குழுவாகப் போய்வருகிறோம். புதிதாக வர நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. பெயர் கொடுக்கும் முன் முழுவதும் படித்துவிடுங்கள். குறிப்பாக அனுமதி, யானை, குழு நடக்கும் முறை ஆகிய மூன்றையும் தாண்டிப் போக வேண்டாம்.

எந்தப் பக்கமெல்லாம் போவீர்கள்?

மேற்கே சாடிவயல், சிறுவாணி அடிவாரம். வடமேற்கே ஆனைக்கட்டிப் பக்கம் செம்புக்கரை, பெருமாள்முடி. தெற்கே பொள்ளாச்சி தாண்டி ஆனைமலை புலிகள் காப்பகத்தில் ஆழியாறு, டாப்சிலிப். மானாம்பள்ளியும் அருமையான காடுதான். ஆனால் வால்பாறையையும் தாண்டிப் போக வேண்டும் என்பதால் ஒரே நாளில் போய்வரும் பட்டியலில் அதைச் சேர்ப்பதில்லை.

மூன்றும் மூன்று விதமான காடு. ஆனைக்கட்டிப் பக்கம் வறண்ட இலையுதிர் காடு. கோடையில் வெயில் நேரடியாக மண்டையில் இறங்கும். சிறுவாணிச் சரிவுகள் ஈரமானவை. கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் தண்ணீர் இந்தச் சரிவுகளில் ஊறி வருவதுதான். டாப்சிலிப்பில் தேக்குத் தோட்டமும் இயற்கையான பசுமைமாறாக் காடும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. தேக்கு வரிசைகளுக்குள் நடந்து கரியன் சோலைக்குள் நுழைந்தால் சில அடிகளிலேயே வெளிச்சமும் காற்றின் குளிர்ச்சியும் மாறுவது தெரியும். வெட்டித் தீர்த்த காட்டில் மீண்டும் மரம் வளர்த்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறையும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. 1933இல் இறந்த அவர், தான் வளர்த்த மரங்களுக்கு நடுவிலேயே அடக்கமானார். முதல் நடைக்கு எது நல்லது என்று கேட்டால் டாப்சிலிப்பைத்தான் சொல்வேன்.

அனுமதி கட்டாயமா? ஊர்க்காரர் யாரையாவது கூட்டிக்கொண்டு போனால் போதாதா?

போதாது. இதில் எங்களுக்கு இரண்டாவது பேச்சே கிடையாது.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அபராதத்துக்குப் பயந்து சொல்லவில்லை. நீங்கள் உள்ளே இருப்பது வனத்துறைக்குத் தெரியாவிட்டால், ஏதாவது நடக்கும்போது உங்களைத் தேடி வருவதற்கும் ஆள் இருக்காது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்ததை இந்தத் துறையில் இருக்கும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த இரண்டு குழுக்கள் கொழுக்குமலைப் பக்கம் போய்விட்டுக் குரங்கணி நோக்கி இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். பலர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள், வார விடுமுறைக்கு வந்தவர்கள். காய்ந்த புல், பலத்த காற்று, செங்குத்தான சரிவு என மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஏறும். கீழேயிருந்து வரும் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். சரிவில் மேல்நோக்கி ஓடி அதைத் தோற்கடிக்க முடியாது.

அந்த விபத்துக்குப் பிறகுதான் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களை வனத்துறை அங்கீகரித்திருக்கிறது. இணையத்தில் பதிவு செய்துவிட்டுப் போனால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். மேலே சொன்ன பாதைகள் பலவும் அந்தப் பட்டியலில் உள்ளவைதான். நாங்கள் போவதும் இந்த வழியில் மட்டுமே. “யாருக்கும் தெரியாத ஒரு அருவி இருக்கு, ஜீப்காரர் கூட்டிப் போவார்” என்று யாராவது அழைத்தால் தயவுசெய்து போகாதீர்கள். எங்களையும் அழைக்காதீர்கள்.

எந்த மாதங்களில் நடை இருக்கும்?

பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை தீ அபாயக் காலம் என்பதால் பாதைகளை மூடிவிடுவார்கள். தென்மேற்குப் பருவமழை வலுத்திருக்கும் ஜூன், ஜூலையில் சிறுவாணி, ஆனைமலைப் பக்கம் எந்த நாளும் ரத்தாகலாம். எங்களுக்குப் பிடித்தது டிசம்பர் தொடங்கி பிப்ரவரி முதல் வாரம்வரை. மழை ஓய்ந்து, ஓடைகளில் தண்ணீர் இருந்து, மலை பச்சையாக இருக்கும் காலம் அது. செப்டம்பரும் நன்றாகத்தான் இருக்கும், அட்டைகளோடு உங்களுக்குச் சமாதானம் இருந்தால்.

நான் இதுவரை மலை ஏறியதே இல்லை. என்னால் முடியுமா?

பெரும்பாலும் முடியும். சமதரையில் பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் நிற்காமல் நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் எளிய பாதைக்கு வரலாம். நடுத்தரப் பாதை என்றால் மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள்: வாரத்தில் சில நாள் வேகநடை, வாரம் ஒருமுறை மருதமலைப் படிகள். ஏறும்போது சோதிக்கப்படுவது மூச்சு, இறங்கும்போது முட்டி. பலரும் ஏறுவதற்கு மட்டும் பழகிவிட்டு வந்து இறக்கத்தில் தவிக்கிறார்கள். அதனால் படியில் இறங்குவதையும் பயிற்சியாகவே செய்யுங்கள், லிஃப்டில் இறங்காதீர்கள்.

ஆஸ்துமா, இதயநோய், ரத்த அழுத்தம், வலிப்பு, சர்க்கரை, தேனீக்கடி ஒவ்வாமை இவற்றில் எது இருந்தாலும் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சொன்னால் வேண்டாம் என்று விடுவோமோ எனப் பலர் மறைக்கிறார்கள். நாங்கள் கேட்பது பாதையைத் தேர்ந்தெடுக்கவும், உங்கள் இன்ஹேலர் பையின் எந்த அறையில் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளவும்தான். முந்தைய நாள் காய்ச்சல் இருந்தாலோ இரவு தூங்காமல் இருந்தாலோ வர வேண்டாம். அடுத்த நடை வரும்.

8 கி.மீ. தானே? அதற்கு ஏன் விடியற்காலையில் கிளம்பி சாயங்காலம் திரும்புகிறோம்?

மைதானத்து 8 கி.மீ. வேறு, மலையில் 8 கி.மீ. வேறு. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் 1892இல் ஒரு கணக்கு சொன்னார். ஐந்து கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதன்படி 600 மீட்டர் ஏற்றமுள்ள 8 கி.மீ. பாதைக்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அது நன்றாக நடக்கப் பழகிய ஒருவருக்கு, நிற்காமல் நடந்தால். நம் ஊர் வெப்பம், வேர்கள் பின்னிய பாதை, பன்னிரண்டு பேர் வரிசையாக ஓடையைக் கடப்பது, சாப்பாடு, வழிகாட்டி நிறுத்தச் சொல்லும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்தால் அந்தக் கணக்கை இரட்டிப்பாக்கித்தான் நாங்கள் திட்டம் போடுகிறோம்.

அப்புறம் இருட்டு. டிசம்பர் தொடக்கத்தில் கோவையில் 6 மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். மரங்களுக்குக் கீழே அதற்கு அரை மணி முன்பே இருட்டத் தொடங்கும். நான்கு மணிக்கெல்லாம் காட்டைவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும் என்று வைத்திருப்பது அதனால்தான்.

குழுவில் எத்தனை பேர்? யார் முன்னால், யார் பின்னால்?

பன்னிரண்டு பேர், அதிகம் போனால் பதினைந்து. அதற்கு மேல் போனால் முன்னால் இருப்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது, காடும் தாங்காது.

முதலில் வனத்துறை வழிகாட்டி. அவரை யாரும் முந்தக் கூடாது. கடைசியில் எங்களில் ஒருவர் வருவார். அவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. செருப்பு வார் சரிசெய்யவோ, ஒதுங்கிப் போகவோ நின்றால் அவரிடம் சொல்லிவிட்டுத்தான். இந்த இருவருக்கும் இடையில் எல்லாரும் முன்னால் போகிறவரும் பின்னால் வருகிறவரும் கண்ணில் படும் தூரத்தில் நடக்க வேண்டும். பாதை பிரியும் இடத்திலெல்லாம் குழு முழுவதும் சேர்ந்த பிறகுதான் அடுத்த அடி.

வேகத்தை முடிவு செய்வது குழுவில் மெதுவாக நடக்கிறவர். அவரை முதல் ஓய்விடத்திலேயே வழிகாட்டிக்கு அடுத்து நடக்கச் சொல்லிவிடுவோம். பின்னால் விட்டால் அவர் வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வெடுத்து முடித்துக் கிளம்பத் தயாராக இருப்பார்கள், அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. களைத்தவர் இன்னும் களைத்து, கால் தடுமாறி விழுவது இப்படித்தான். முன்னால் விட்டுப் பாருங்கள். அவர் நடையே சீராகிவிடும்.

நான் வேகமாக நடப்பவன். மேலே போய்க் காத்திருக்கலாமா?

வேண்டாம். ஓடிப் பழக வாலாங்குளம் நடைபாதை இருக்கிறது. இங்கே தனியாக முன்னால் போகிறவர்தான் திருப்பத்தில் யானையை நேருக்கு நேர் சந்திப்பார். கூடுதல் வலு இருந்தால் இன்னொருவரின் பையில் இருந்து ஒரு லிட்டர் தண்ணீரை வாங்கி உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு பெரிய உதவி என்று மூன்றாவது மேட்டில் தெரியும்.

யானை வந்தால் என்ன செய்வது?

கோவை வனக்கோட்டத்தின் பெரும்பகுதி யானைகள் போய்வரும் நிலம். மேற்குத் தொடர்ச்சி மலையோரமாக அவை பருவத்துக்குப் பருவம் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. எனவே யானையைப் பார்க்கவே மாட்டோம் என்று உறுதி தர முடியாது. பார்க்காமல் திரும்பும் நடையைத்தான் நாங்கள் விரும்புகிறோம்.

யானைக்குக் கண்பார்வை சுமார்தான். மோப்பமும் செவியும் அபாரம். வழிகாட்டி அடிக்கடி நின்று காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார், மண்ணைத் தொட்டுப் பார்ப்பார். யானை போட்ட லத்தியில் சூடும் ஈரமும் இருக்கிறதா, முறிந்த மூங்கில் இன்னும் பச்சையாக இருக்கிறதா, மரத்தில் உரசிய சேறு காய்ந்துவிட்டதா என்று கவனிப்பார். யானையிடமிருந்து வயிற்றில் உறுமுவதுபோல ஒரு அடங்கிய சத்தம் வரும். நீங்கள் பேசிக்கொண்டிருந்தால் அது அவர் காதில் விழாது. காட்டுக்குள் பேச்சைக் குறைக்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

அவர் கையை உயர்த்தினால் அப்படியே நில்லுங்கள். பேசாதீர்கள், போனை எடுக்காதீர்கள். பின்வாங்கு என்று சைகை காட்டினால் வந்த வழியே, வரிசை கலையாமல், ஓடாமல் திரும்புங்கள். யானை நம்மைக் கவனிக்காமல் மேய்ந்துகொண்டிருந்தாலும் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகலாம் என்று நினைக்கக் கூடாது. குட்டியோடு இருக்கும் கூட்டமும் ஒற்றை ஆண் யானையும் கூடுதல் ஆபத்து. துரத்தத் தொடங்கினால் மனிதக் கால்களால் ஈடுகொடுக்க முடியாது. காதை விரித்து, தலையைத் தூக்கி, மண்ணை வாரி இறைப்பது “போய்விடு” என்ற எச்சரிக்கை. அந்த நிலைவரை போகவிடாமல் இருப்பதுதான் வழிகாட்டியின் திறமை. அதற்குத் துணை நிற்பது உங்கள் வேலை.

சென்ட், வாசனைத் தைலம் போட்டு வர வேண்டாம். சிவப்பு, மஞ்சள், பளிச் வெள்ளை வேண்டாம். பச்சை, காக்கி, பழுப்பு நல்லது.

யானை நிற்கிறது என்று பாதியிலேயே திரும்பிய நாட்களும் உண்டு. அன்று சிலருக்கு முகம் வாடிவிடும், புரிகிறது. ஆனால் அது அவற்றின் வழி. இருக்கும் காட்டிலேயே ரயில் பாதை, செங்கல் சூளை, சொகுசு விடுதி, மின்வேலி என்று நாலாபக்கமும் நெருக்கிவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் வழிவிட்டால் குறைந்துபோக மாட்டோம்.

அட்டைக்கு என்ன வழி?

மழைக்காலத்தில் ஆனைமலைப் பக்கம் அட்டை இல்லாமல் நடை இல்லை. முட்டிவரை வரும், நெருக்கமாக நெய்த துணியாலான அட்டை உறை கிடைக்கிறது. காலுறைக்கு மேல் போட்டு, பேண்டை அதற்குள் செருகி இறுக்கிக் கட்டுங்கள். மூக்குப்பொடியோ புகையிலைத் தண்ணீரோ உறையின் மேல் தடவுவது மலையில் இருப்பவர்களின் பழைய வழி, வேலை செய்கிறது.

கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள், தீக்குச்சியால் சுடாதீர்கள். நகத்தைத் தோலோடு ஒட்டிச் செலுத்தி அதன் வாயை நெம்பிவிட்டால் வந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் சிறிது நேரம் கசிந்துகொண்டே இருக்கும். கழுவி, துணிவைத்து அழுத்திக் கட்டினால் போதும். பயப்பட ஒன்றுமில்லை.

உண்ணி பற்றி யாரும் சொல்வதில்லையே?

அட்டையைவிடக் கவனிக்க வேண்டியது இதைத்தான். அட்டை கண்ணுக்குத் தெரியும். புதர்களில் இருக்கும் நுண்ணிய உண்ணிகளின் இளம்பருவம் கடித்தால் கடித்ததே தெரியாது. அதனால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் தமிழ்நாட்டில் பரவலாகவே இருக்கிறது. நடைக்குப் பிறகு மூன்று வாரத்துக்குள் விடாத காய்ச்சல், தலைவலி வந்தால் மருத்துவரிடம் “நான் காட்டுக்குள் போய்வந்தேன்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அது எல்லாருக்கும் வருவதில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் வழக்கமான ஆன்டிபயாடிக்கிலேயே குணமாகும். டைபாய்டு, வைரல் என்று நாட்களைக் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம்வரை பாதிக்கும்.

புல்மேல் நேரடியாக உட்காராதீர்கள், படுக்காதீர்கள். வீட்டுக்குப் போனதும் உடையை வெந்நீரில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள்.

பாம்பு கடித்தால்?

பாதையைவிட்டு விலகாமல், பார்க்காத இடத்தில் கையும் காலும் வைக்காமல் இருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. பாறையைப் பிடித்து ஏறும் முன் பிடிக்கும் இடத்தைப் பாருங்கள். விழுந்த மரத்தை ஒரே தாண்டாகத் தாண்டாமல், மேலே ஏறி நின்று, மறுபக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள். மூங்கில் குழிவிரியன் இலையோடு இலையாகப் பச்சையாகக் கிடக்கும்.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், கொலுசு, வாட்ச் ஆகியவற்றைக் கழற்றுங்கள். கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் குச்சிவைத்துக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போய் அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ நேரத்தைச் செலவிடக் கூடாது. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்குமானது. குழிவிரியன்களுக்கு அது பொருந்தாது. அவற்றின் கடிக்கு மருத்துவமனையில் கண்காணித்துத்தான் சிகிச்சை தருவார்கள். எந்தப் பாம்பானாலும் மருத்துவமனைக்குப் போவது கட்டாயம்.

என்ன ஷூ, என்ன உடை?

அடியில் நல்ல பிடிமானம் உள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ. புது ஷூவைக் காட்டில் முதல் முறையாகப் போட்டால் குதிகால் கொப்புளம் நிச்சயம். இறக்கத்தில் விரல் நுனி இடிக்கும் என்பதால் கால் நகத்தை முந்தைய நாளே வெட்டிவிடுங்கள். முழுக்கை, முழுக்கால் உடை. ஜீன்ஸ் வேண்டாம்; நனைந்தால் கனத்துவிடும், முட்டியை மடக்கவிடாது. இன்னொரு ஜோடி காலுறை, மழைக்கோட்டு, டார்ச், தொப்பி. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிபோல வெப்பம் குறையும். வியர்த்த உடம்போடு உச்சிக் காற்றில் உட்கார்ந்தால் நடுங்கும். அதற்கு ஒரு மெல்லிய மேல்சட்டை.

தண்ணீரும் சாப்பாடும்?

ஆளுக்கு மூன்று லிட்டர், இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட். வெறும் தண்ணீரையே மடக்மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு ஈடாகாது. தலைசுற்றல், கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது எல்லாம் வரும். அரை மணிக்கு ஒருமுறை சில வாய் குடியுங்கள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வேண்டாம், மேலே எந்த விலங்கு இறங்கியிருக்கிறதோ தெரியாது.

சாப்பாட்டுக்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்தி. நடுவில் கொறிக்கக் கடலைமிட்டாய், பேரீச்சம்பழம். காலை உணவைத் தவிர்த்துவிட்டு வருகிறவர்கள்தான் பத்து மணிக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள். வரும் வழியில் எல்லாரும் இட்லி சாப்பிட்ட பிறகுதான் வண்டி மலையடிவாரத்துக்குப் போகும்.

குப்பை?

கொண்டுபோனது எல்லாம் திரும்ப வர வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். வாழைப்பழத் தோல் மக்கிவிடும்தானே என்று பலர் வீசுகிறார்கள். அதையும் பையில் போடுங்கள். மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட குரங்கு அடுத்து வரும் குழந்தையின் கையில் இருப்பதைப் பிடுங்கும். மான் வயிற்றிலும் யானை லத்தியிலும் பிளாஸ்டிக் உறையைப் பார்த்தவர்கள் இதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

ஸ்பீக்கர், ட்ரோன், ரீல்ஸ்?

ஸ்பீக்கரும் ட்ரோனும் கூடவே கூடாது. ஓய்விடங்களில் படம் எடுத்துக்கொள்ளலாம். நடக்கும்போது எடுக்க வேண்டாம், பாறை விளிம்பில் நின்று எடுக்கவே வேண்டாம்.

பெண்கள் தனியாகப் பெயர் கொடுக்கலாமா?

தாராளமாக. குழுவில் பாதிப் பேர் பெண்கள். ஒருங்கிணைப்பவர்களிலும் ஒரு பெண் எப்போதும் இருப்பார். பாதையில் கழிப்பறை கிடையாது. ஒதுங்க வேண்டியிருந்தால் அவரிடம் சொன்னால் போதும், குழு முன்னால் நகர்ந்து நிற்கும், அவர் துணைக்கு வருவார். ஓடையிலிருந்து தள்ளிப் போக வேண்டும். மாதவிடாய் நாட்களில் வரலாமா என்றும் கேட்கிறார்கள். உடம்பு ஒத்துழைத்தால் வரலாம், அதில் தடை ஏதும் இல்லை. பயன்படுத்திய நாப்கினைத் தாளில் சுற்றி, ஜிப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். புதைக்க வேண்டாம், விலங்குகள் தோண்டிவிடும். சிறுநீர் கழிக்க நேருமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் நடப்பதுதான் பெண்கள் விஷயத்தில் நாங்கள் அதிகம் பார்க்கும் ஆபத்து.

குழந்தைகளை, அப்பா அம்மாவை அழைத்து வரலாமா?

எளிய பாதைகளுக்கு அழைத்து வரலாம். ஒவ்வொரு வழித்தடத்துக்கும் உள்ள வயது விதி பதிவுத் தளத்திலேயே இருக்கும். அறுபதைத் தாண்டிய பலர் கல்லூரி மாணவர்களைவிட நிதானமாக, விழாமல் நடக்கிறார்கள்.

மழை பிடித்துக்கொண்டால்?

தூறல் பிரச்சினையில்லை. மலையின் மேல்பக்கம் கறுத்திருந்தால் நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் ஓடையைக் கடக்க மாட்டோம். மேலே பெய்த மழை கொஞ்ச நேரத்தில் கீழே வரும். தண்ணீர் நிறம் மாறுவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது ஆகியவை அறிகுறிகள். கணுக்கால் அளவு ஓடை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்பளவாகிவிடும். அக்கரையில் மாட்டிக்கொண்டால் வடியும்வரை காத்திருப்போம், கயிறு கட்டி வீரம் காட்ட மாட்டோம். இடி இடித்தால் திறந்த புல்மேட்டையும் தனி மரத்தடியையும்விட்டு உடனே கீழே இறங்கிவிட வேண்டும்.

வழிகாட்டிகள் யார்? அவர்களிடம் எப்படி நடந்துகொள்வது?

ஆனைக்கட்டி, சிறுவாணிப் பக்கம் இருளர்கள். ஆனைமலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், எரவாளர், புலையர் என்று ஆறு பழங்குடிகள் வாழ்கிறார்கள். அவர்களில் இளைஞர்கள் பலர் இப்போது பயிற்சி பெற்று இந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள். நமக்குச் சுற்றுலாத் தலம். அவர்களுக்குத் தாத்தா பாட்டி தேனெடுத்த இடம், தெய்வம் இருக்கும் இடம். ஒரு பாறைக்கு முன் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். வயதில் சின்னவராக இருந்தாலும் “வாங்க, போங்க” என்றே பேசுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள், குடியிருப்புகளுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

மரத்தைப் பற்றியும் பறவையைப் பற்றியும் கேளுங்கள். இருவாச்சி எந்த மரத்துப் பொந்தில் கூடு வைக்கும், கரையான் புற்றைக் கரடி எப்படித் தோண்டும், எந்தப் பழம் எந்த மாதம் என்று அவர்கள் சொல்வதைக் கேட்பதற்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

திரும்பலாம் என்று முடிவெடுப்பது யார்? பணம் திரும்பக் கிடைக்குமா?

வழிகாட்டி. அவர் திரும்பலாம் என்றால் விவாதம் கிடையாது. அவர் போகலாம் என்று சொன்னாலும் குழுவில் ஒருவரின் உடல்நிலை சரியில்லை என்று எங்களுக்குத் தோன்றினால் திரும்புவோம். ஒருவரை நிழலில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் போய்வருவது என்ற ஏற்பாடு எங்களிடம் இல்லை. நேரக் கெடுவும் உண்டு: மதியம் 12 மணிக்கு எங்கே இருக்கிறோமோ அங்கிருந்து திரும்புவோம், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும்.

வனத்துறை முன்கூட்டியே ரத்து செய்தால் அவர்களின் விதிப்படி பணமோ மாற்றுத் தேதியோ கிடைக்கும். பாதியில் திரும்பினால் கிடைக்காது. வண்டிச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வோம். இதில் யாருக்கும் லாபம் இல்லை.

போன் சிக்னல் இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. வழிகாட்டியிடம் இருக்கும் தொடர்புச் சாதனம்தான் நம்பிக்கை. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். சாலைக்கு வந்ததும் 108 கிடைக்கும். முதலுதவிப் பை எங்களிடம் இருக்கும். தினசரி மாத்திரைகளை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

வெள்ளியங்கிரிக்குக் கூட்டிப் போவீர்களா?

இல்லை. அது வழிபாட்டுப் பயணம், அதன் முறையே வேறு. பிப்ரவரி தொடங்கி மே வரை பக்தர்கள் ஏழு மலை ஏறுகிறார்கள், பெரும்பாலும் இரவில். எளிது என்று நினைத்துப் பழக்கமில்லாமல் ஏறி, மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வந்து உயிரிழந்தவர்களின் செய்திகள் சமீப ஆண்டுகளில் அடிக்கடி வருகின்றன. போகிறவர்கள் முதலில் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், நடுவில் முடியவில்லை என்றால் திரும்புங்கள். பாதி மலையில் கும்பிட்டாலும் சாமி ஏற்றுக்கொள்ளும்.

சரி, எப்போது, எங்கே வர வேண்டும்?

பதிவு உறுதியான பிறகு வெள்ளிக்கிழமை மாலைக்குள் சேருமிடமும் வண்டி விவரமும் உங்களுக்கு வந்துவிடும். காலை 4.45க்கு வந்துவிடுங்கள், 5 மணிக்கு வண்டி கிளம்பிவிடும். பதிவுக்குக் கொடுத்த அடையாள அட்டையின் அசலைக் கையில் வைத்திருங்கள், செக்போஸ்ட்டில் கேட்பார்கள்.